மாணவர் அளவளாவு கூடம் அமைக்கும் வாணிகம்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒருநாள் மாலை, நம் கல்லூரியில் வணிகவியல் இறுதி வகுப்பிற் பயிலும் மாணவர் இருவர் எம்மைக் காண வந்தனர். கையில் ஒரு மடிக்கணினி. அதிற் பதினெட்டுப் பக்கங்கொண்ட ஒரு திட்டம். கல்லூரி வாயிலினின்று ஐந்து நிமிட நடைத் தொலைவில் வெறுமையாய்க் கிடக்கும் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, மாணவர் கூடியிருந்து பேசவும் படிக்கவும் விளையாடவும் ஏற்றதோர் இடத்தை அமைத்தல் வேண்டும் என்பது அவர்தம் அவா. லவுஞ்சு என்று இக்காலத்தார் வழங்கும் அதனை யாம் இக்கட்டுரையில் அளவளாவு கூடம் என்றே வழங்குவாம். பக்கந்தோறும் வண்ணப் படங்கள். மெத்தை நாற்காலிகள், தொங்கு விளக்குகள், சுவரளவு திரை, இருக்கையை வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ளும் கைப்பேசிச் செயலி ஆகிய யாவும் அழகுற வரையப்பட்டிருந்தன. பதினேழாம் பக்கத்திலேதான் பணக்கணக்கு வந்தது. முதற்பொருள் 12 இலட்சம் ரூபாய். அஃது எங்கிருந்து வரும் என வினவினோம். இருவருள் ஒருவர் சற்றே தயங்கி, "அப்பா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், ஐயா. வைப்புநிதிப் பணம் வரும்" என்றார்.

அச்சொற் கேட்டபின், "நன்று, நன்று" எனப் பாராட்டி அவர்களை அனுப்பிவிட எம்மால் இயலவில்லை. முப்பத்துநான்கு ஆண்டு உழைத்துச் சேர்த்த பொருள் அது. ஆகவே மூன்று மாலைகள் அவ்விருவரோடும் அமர்ந்து, படங்களை ஒருபுறம் ஒதுக்கி, கணக்கேட்டை முன்வைத்து ஆராய்ந்தோம். இத்தகைய எண்ணம் உள்ளத்தே முளைத்துள்ள பிற மாணவர்க்கும், அவர்க்குப் பொருளுதவி செய்ய முன்வரும் பழைய மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி, அம்மூன்று மாலைகளிற் கண்டவற்றை ஈண்டு எழுதலாயினோம்.

யாம் கேட்ட முதல் வினா இது: இக்கூடத்தில் விற்கப்படும் சரக்கு யாது? இருவரும் ஒரே குரலிற் "காப்பி" என்றனர். பின்னர்ச் சிறிது சிந்தித்து, "காப்பியும் சிற்றுண்டியும்" எனத் திருத்திக்கொண்டனர். அஃதன்று. காப்பி மட்டும் வேண்டுவோன் கல்லூரி வாயிலிலுள்ள தேநீர்க் கடையில் நின்றபடியே பதினைந்து ரூபாய்க்குக் குடித்துவிட்டுப் போவான். அவன் மாடியேறி வருவது அமர்வதற்கு. ஆகவே ஈண்டு விற்கப்படுவன நாற்காலியும் நேரமுமே. வண்டி புறப்பட்டபின் வெறுமையாய்ச் சென்ற பேருந்து இருக்கையை மறுநாள் எவர்க்கும் விற்றல் இயலாது. அதுபோலவே, பிற்பகல் மூன்று மணிக்கு ஆளின்றிக் கிடந்த நாற்காலியின் அந்த ஒரு மணி நேரமும் மீண்டும் கைக்கு வாராது. நெல்லை அளக்க மரக்கால் இருப்பதுபோல இச்சரக்கை அளக்கவும் ஓர் அளவை வேண்டுமன்றோ? ஒரு நாற்காலி ஒரு மணி நேரம் பயன்பாட்டிற்குத் திறந்திருத்தலை ஒரு 'நாற்காலி-மணி' எனக் கொள்வோம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பின்வரும் தொகைகள் எம்மூர் நிலையை நோக்கி யாம் கொண்ட மதிப்பேயன்றி எல்லா ஊர்க்கும் பொருந்துவன அல்ல. கணக்கின் போக்கே கருதத்தக்கது. மாணவர் திட்டத்தில் நாற்காலிகள் 40. காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை 11 மணி நேரம் கூடம் திறந்திருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 440 நாற்காலி-மணி கைவசம் உண்டு. மாதச் செலவோ, வாடகை 45,000. பணியாளர் நால்வர்க்கு 56,000. குளிர்சாதனம் உள்ளிட்ட மின்கட்டணம் 22,000. இணைய இணைப்பு 4,000. துப்புரவு, பழுதுபார்த்தல் முதலியவற்றிற்கு 8,000. ஆக 1,35,000 ரூபாய். இதனோடு நிற்றல் கூடாது. நாற்காலியின் மெத்தையும் திரையும் கணினியும் ஐந்தாண்டிற்குமேல் உழைப்பன அல்ல. 12 இலட்சத்தை அறுபது மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 20,000 தேய்மானம். மொத்தம் 1,55,000. மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,960 ரூபாய். இத்தொகை, ஒருவரும் வாராவிடினும் செலவாகிவிடும் தொகை என்பதை மறத்தல் கூடாது.

மறுபுறம் வரவு. காப்பியின் விலை 30 ரூபாய் என்பது அவர்கள் திட்டம். பால், தூள், சர்க்கரை, கோப்பை ஆகியவற்றிற்கு 10 ரூபாய் போக 20 ரூபாய் மிஞ்சும். ஒரு மாணவர் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு எத்துணை நேரம் அமர்வார் என்று கேட்டோம். "நாங்களே மூணு மணி நேரம் உட்காருவோம், ஐயா" என்று நகைத்துக்கொண்டே உண்மை உரைத்தனர். அங்ஙனமாயின் ஒரு நாற்காலி-மணியால் வருவது ஏழு ரூபாய்க்கும் குறைவு. காலை முதல் இரவு வரை ஒரு நாற்காலியேனும் வெறுமையாக இன்றிக் கூடம் நிரம்பி வழிந்தாலும், 440 நாற்காலி-மணிக்கும் கிடைப்பது 2,930 ரூபாய் அளவே. செலவோ 5,960.

இவ்விடத்தில் அவ்விருவரும் வாளாவிருந்தனர். ஒருவர் கைப்பேசியை எடுத்து மீண்டும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார். கூட்டமில்லாமையால் நட்டப்படும் கடையை யாவரும் அறிவர். கூட்டம் நிரம்பியிருக்கையிலேயே நட்டப்படும் கடை உண்டென்பதை ஏட்டிற் காணும்வரை நம்புதல் அரிது. வெளியினின்று நோக்குவோர்க்கு அது செழித்தோங்கும் வாணிகமாகவே தோன்றும். அதனைக் கண்டு பக்கத்துத் தெருவில் மற்றொருவர் அவ்வாறே ஒன்று திறப்பதும் உண்டு. நம் கல்லூரிக்கருகே அத்தகைய கூடம் ஒன்று பதினான்கு மாதம் நடந்து மூடப்பட்டதை மாணவர் பலர் அறிவர். கடைசி நாள் வரை அங்கே இடம் கிடைத்தல் அரிதாகவே இருந்தது. யாமும் அங்கே ஒரு தேநீரோடு விடைத்தாள் கட்டொன்றைத் திருத்தி முடித்த குற்றத்திற்கு உரியோம்.

இதற்கு மாற்று யாது? காப்பியின் விலையை 120 ரூபாயாக உயர்த்தலாம் என்பது ஒன்று. பெருநகரங்களிற் பணியாற்றுவோரிடத்தே அது செல்லும். விடுதிக் கட்டணத்திற்கே தந்தை கடன் வாங்கும் மாணவரிடத்தே செல்லாது. நெடுநேரம் அமர்வோரை எழுப்பி அனுப்பலாம் என்பது மற்றொன்று. நம்மூர்த் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என எழுதி மாட்டியிருப்பதைக் கண்டிருப்பீர். சண்டைக்கு அஞ்சி எழுதியதென்பர். பெஞ்சின் நேரத்தைக் காக்க எழுதியது என்பதும் எம் துணிபு. ஆனால் அளவளாவுதற்கென்றே அமைத்த கூடத்தில் "எழுந்து போ" எனக் கூறுதல், குளத்தை வெட்டிவிட்டுக் குளிக்காதே என்பதனோடு ஒக்கும்.

மூன்றாவது வழி, நேரத்தை நேரமென்றே கூறி விற்றல். இது புதுமையாகத் தோன்றினும் மிகப் பழைமையானது. இங்கிலாந்தில் முதன்முதற் காப்பிக் கூடம் தோன்றியது தலைநகரிலன்று, மாணவர் நிறைந்த ஆக்ஸ்போர்டிலாம். 1650ஆம் ஆண்டளவில் ஜேக்கப் என்னும் யூதர் ஒருவர் அதனைத் திறந்தார். இலண்டனிற் பாஸ்குவா ரோசே என்பார் கடை வைத்தது 1652இல். 1655இல் ஆர்தர் டில்லியார்டு என்னும் மருந்து வணிகர், ஆக்ஸ்போர்டு மாணவரும் இளம் அறிஞரும் கேட்டுக்கொள்ளவே, ஆல் சோல்ஸ் கல்லூரிக்கு அண்மையிற் காப்பி விற்கத் தொடங்கினார். இக்கூடங்களிற் புகுவோர் கொடுத்தது ஒரு பென்னி. அதற்குக் காப்பியும் உண்டு. அன்றைய செய்தித்தாளும் உண்டு. கற்றோர் பேச்சைக் கேட்கும் வாய்ப்பும் உண்டு. அதுபற்றியே அவற்றைப் 'பென்னிப் பல்கலைக்கழகம்' என மக்கள் அழைத்தனர். இலண்டனில் எட்வர்டு லாயிடு என்பார் தம் காப்பிக் கூடத்திற் கப்பல்களின் செய்திகளைத் திரட்டித் தந்தமையாற் கப்பலுடையாரும் காப்புறுதி செய்வாரும் அங்கே குழுமினர். இன்று உலகறிந்த லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தையின் வேர் அக்கூடமே. பேச்சு மிகுந்ததுகண்டு அஞ்சிய மன்னர் இரண்டாம் சார்லசு 1675 டிசம்பரிற் காப்பிக் கூடங்களை மூடுமாறு ஆணையிட்டார். எதிர்ப்பு மிகவே, சின்னாட்களில், 1676 சனவரியில், அவ்வாணையை அவரே தளர்த்த நேர்ந்தது. மாணவரும் இளைஞரும் கூடிப் பேசுமிடத்தின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தே அவ்வழக்கத்தைப் புதுப்பித்தவர் உருசிய நாட்டு இளைஞர் இவான் மிட்டின். 2011இல் மாஸ்கோவில் அவர் நிறுவிய 'சிஃபர்பிளாட்' என்னும் கூடத்தின் பெயர்க்குக் கடிகார முகப்பு என்பது பொருள். உள்ளே வருவோர் கையில் ஒரு மேசைக் கடிகாரம் தரப்படும். காப்பி, தேநீர், பிஸ்கோத்து, இணையம் ஆகியவற்றிற்குத் தனிவிலை இல்லை. இருந்த நிமிடங்களுக்கே விலை. பின்னர் இலண்டனிற் கிளை திறந்தபோது நிமிடத்திற்கு 3 பென்னி, அஃதாவது மணிக்கு 1 பவுன் 80 பென்னி எனக் கட்டணம் வைத்தனர். விருந்தினர் தம் கோப்பையைத் தாமே கழுவி வைத்தலும் அங்கே இருந்தது. நேரத்திற்கு விலை வைத்தவுடன் ஒரு மாறுதல் நிகழ்கின்றது. நெடுநேரம் இருப்பவர் கடைக்காரர்க்குப் பகையாகாமல் நட்பாகின்றார்.

கல்கத்தாக் கல்லூரித் தெருவிலுள்ள காப்பி இல்லத்தை எடுத்துக்காட்டி, "அங்கே ஒரு காப்பிக்கு அரைநாள் அமர்கின்றார்களே" என மாணவர் ஒருவர் தடை எழுப்பினார். நல்ல தடை. பிரெசிடென்சிக் கல்லூரிக்கு எதிரே, ஆல்பர்ட்டு மண்டபத்தில், 1942இல் தொடங்கிய அவ்வில்லம் தலைமுறை தலைமுறையாக மாணவர்க்கும் எழுத்தாளர்க்கும் தாயகமாய் விளங்குகின்றது. காப்பி வாரியத்தார் தம் இல்லங்களை 1950களிற் கைவிட்டபோது, ஏ. கே. கோபாலன் போன்றோர் ஊக்குவிக்கத் தொழிலாளரே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை ஏற்று நடத்தினர். பெங்களூரில் 1957 ஆகஸ்டில் முதற் சங்கம் எழுந்தது. தொழிலாளரே உரிமையாளராயிருந்து பழங்கட்டடத்தில் நடத்தும் இல்லத்தின் கணக்கு வேறு. தந்தையின் ஓய்வுப் பணத்தை முதலாக்கிப் புதுவாடகைக்கு அமர்வோர் கணக்கு வேறு. ஒன்றனைக் கண்டு மற்றொன்றைத் தொடங்குதல் ஆகாது.

நிற்க. திட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருந்த தொழில்நுட்பத்திற்கு வருவோம். இஃது எம்மூர் மாணவர்க்கு மிக இனிக்கும் பகுதி. ஆதலின் மிக ஆபத்தான பகுதியுமாம்.

1994 செப்டம்பரில் இலண்டன் விட்ஃபீல்டு தெருவிற் 'சைபீரியா' என்னும் இணையக் காப்பிக் கூடம் திறக்கப்பட்டது. வீட்டிற் கணினியில்லாதோர் கட்டணம் செலுத்தி அங்கே இணையத்திற் புகுந்தனர். நம் நாட்டிற் பொதுமக்களுக்கு இணையம் கிட்டியது 1995 ஆகஸ்டு 15இல். அடுத்த ஆண்டே பெங்களூர்ப் பிரிகேடு சாலையிற் 'கஃபே காப்பி டே' தன் முதற் கடையை இணையக் கூடமாகவே திறந்தது. தெருத்தோறும் இணைய மையங்கள் பெருகவே, இணைப்பை விற்பதில் ஊதியம் தேய்ந்தது. அந்நிறுவனம் காப்பியின்பாற் சாய்ந்து நாடெங்கும் பரவியது. சிக்கமகளூரிலே சொந்தக் காப்பித் தோட்டங்கள் உடைய குடும்பத்தார் நடத்தியமையால் அது சாய்ந்து நிற்க ஒரு சுவர் இருந்தது. தெருவோர மையங்களுக்கு அச்சுவர் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் களத்தில் இறங்கிக் கைப்பேசி இணையத்தின் விலை பாதாளத்திற் சரிந்தபின், இணைப்பை மட்டும் விற்றுவந்த மையங்களிற் பல மறைந்தன. எஞ்சியவை விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைகளாகவும் ஜெராக்ஸ் கடைகளாகவும் உருமாறின.

தென்கொரியாவின் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1997இல் அந்நாட்டைப் பொருளாதார நெருக்கடி தாக்கியது. வேலையிழந்தோர் பலர், கைக்கு வந்த பிரிவுத்தொகையைக் கொண்டு 'பி.சி. பாங்' எனப்படும் கணினி விளையாட்டுக் கூடங்களைத் திறந்தனர். 1998இல் வெளிவந்த 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டின்மேல் இளைஞர் கொண்ட மோகம் அக்கூடங்களை வாழ்வித்தது. மணிக்கு 1,000 வான் அளவில் நேரத்திற்கே விலை வைத்தனர். எனினும் விலைப்போட்டி கடுமையாயிற்று. புதிய விளையாட்டு வருந்தோறும் கணினிகளை மாற்றவேண்டிய கட்டாயமும் உடன்வந்தது. ஓய்வுப் பணத்தைக் கருவிகளிற் கொட்டுவோர் இதனை இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

இவற்றால் யாம் பெற்ற தெளிவு ஒன்றே. மாணவர் தம் சட்டைப்பையில் உடையதை அவர்க்கு விற்க முயலற்க. இணையமும் திரைப்படமும் பாட்டும் விளையாட்டும் இன்று கைப்பேசியிலேயே உள. அதில் இல்லாதன யாவை? ஆறுபேர் ஒன்றாய் நோக்கத்தக்க திரை. நள்ளிரவில் முடித்த புராஜெக்ட்டு அறிக்கையைக் காலையில் அச்சிட்டுக் கட்டித் தரும் பொறி. மின்சாரம் நின்றாலும் நில்லாத பிளக் பாயிண்டு. குரலை உயர்த்தி வாதாடினாலும் எவரும் முகம் சுளிக்காத ஓர் அறை. அதற்கு அப்பால் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதியுடைய மற்றோர் அறை. இவை விலைபோகும்.

ஆகவே செயலிக்கென ஒதுக்கிய இரண்டரை இலட்சத்தை முதலில் அடித்தோம். மாணவர்க்கு இது பெருந்துயர் விளைத்தது. ஆயினும், இருக்கையைப் பதிவு செய்தற்கு ஓர் எளிய இணையப் பக்கமும், மேசையில் ஒட்டிய க்யூ.ஆர். குறியும் போதுமானவை. பணம் பெறுதற்கு யூ.பி.ஐ. உளது. நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் பதிதற்குத் தொடக்கத்தில் ஒரு பழைய மடிக்கணினியிலுள்ள விரிதாளே சாலும். அவ்விரிதாளைச் சிறு பொருளென எண்ணற்க. எந்த மணியில் எத்தனை நாற்காலி நிரம்பின, தனியே வந்தோர் எத்தனைபேர், குழுவாய் வந்தோர் எத்தனைபேர், மீண்டும் வந்தோர் எத்தனைபேர் என்பவற்றை மூன்று மாதம் ஒழுங்காய்க் குறித்துவைத்தோர்க்கு, கடையின் நோயும் மருந்தும் அதிலேயே தெரியும்.

செலவு குறைக்கக்கூடாத இடம் வைஃபை. நாற்பதுபேர் அமர்ந்தால் ஆளுக்கொரு கைப்பேசியும் மடிக்கணினியுமாக எண்பது கருவிகள் ஒருங்கே தொடுக்கும். வீட்டிற்கெனச் செய்த ஒற்றை ரவுட்டர் அச்சுமையைத் தாங்காது திணறும். பெருங்கூட்டத்தைத் தாங்கவல்ல இணைப்பு முனைகள் இரண்டேனும் வேண்டும். ஒருவரே பெரும்படமொன்றை இறக்கி மற்றையோரை முடக்காதவாறு ஆளுக்கு 5 மெகாபிட்டு என வரம்பு கட்டினால், 200 மெகாபிட்டு இணைப்பு நாற்பது பேர்க்குப் போதும். கடையின் கணக்கு நடக்கும் வலையமைப்பு வேறாகவும், விருந்தினர் வலையமைப்பு வேறாகவும் இருத்தல் இன்றியமையாதது. இன்வெர்ட்டர் பெட்டி விளக்கையும் ரவுட்டரையும் தாங்கினாற் போதும். குளிர்சாதனத்தையும் தாங்கச் செய்ய முயன்றாற் செலவு கைமீறும்.

சட்டத்தைப்பற்றிச் சில சொற்கள். உணவு வழங்கும் கடை எத்துணைச் சிறிதாயினும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெறல் வேண்டும். பொதுமக்களுக்கு இணையம் அளிக்கும் கூடங்களுக்கென 2011இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, வருவோரின் அடையாளத்தைச் சரிபார்த்தலும், பயன்பாட்டுப் பதிவேட்டை ஓராண்டேனும் காத்தலும், தடுப்புக்களை நாலரை அடிக்குமேல் உயர்த்தாமையும் கடமை. 2020 டிசம்பரில் அரசு ஒப்பிய 'பி.எம். வாணி' முறையில், சிறுகடையினரும் உரிமம் இன்றியே பொது வைஃபை அளித்தற்கு வழி ஏற்பட்டது; அதனைப் பயன்கொள்ளலாம். பதிவு செய்யப்பட்ட இசையைப் பொதுவிடத்தில் ஒலிக்கவிடுதற்குப் பதிப்புரிமையுடையாரிடம் இசைவு பெறவேண்டும். வீட்டுக்கென வாங்கிய சந்தாவைக்கொண்டு கிரிக்கெட்டாட்டத்தைப் பெருந்திரையிற் காட்டிக் கட்டணம் பெறுதல், ஊரெல்லாம் செய்யினும் முறையன்று. கல்வி நிலையத்தினின்று 100 கசத்திற்குட் புகையிலைப் பொருள் விற்றலாகாது என்பதைக் கூறவே வேண்டா.

படங்களிற் காணப்படாத ஒன்றைப் பெண்மாணவர் சிலரிடம் கேட்டறிந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து, ஐந்து மணிப் பேருந்திற்காகக் காத்திருப்போர் நம் கல்லூரியிற் பலர். மாணவர் சாலையோரத்தில் எங்கேனும் நின்று பொழுது போக்குவர். மாணவியர்க்கு அவ்விடம் இல்லை. நூலகம் நிரம்பினால் மரத்தடியே. "நாங்க வரணும்னா முதல்ல கழிவறை சுத்தமா இருக்கணும், படிக்கட்டுல வெளிச்சம் இருக்கணும், வெளியிலிருந்து பார்த்தா உள்ள யார் இருக்காங்கன்னு தெரியணும்" என்றார் ஒருவர். திட்டத்திலிருந்த கருங்கண்ணாடிச் சுவரும் மங்கிய விளக்கும் இவ்வொரு சொல்லால் வீழ்ந்தன. "மகள் எங்கே அமர்ந்திருக்கிறாள்" எனப் பெற்றோர் வந்து கண்டாலும் மனம் கலங்காதவாறு கூடம் அமைதல் வேண்டும். இது நல்லொழுக்கம் மட்டுமன்று. மூன்று மணி முதல் ஐந்து மணிவரை வெறுமையாய்க் கிடக்கவிருந்த நாற்காலிகளை நிரப்புவாரும் இவரே. ஒளிப்பதிவுக் கருவிகளை வாயிலிலும் பணமேசையிலும் வைத்தால் அமையும். மேசைதோறும் வைத்தால் எவரும் வாய் திறவார்.

அமெரிக்கச் சமூகவியலார் ரே ஓல்டன்பர்க்கு 1989இல் எழுதிய நூலில், வீடும் பணியிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்' ஒன்று மாந்தர்க்கு வேண்டும் என்றும், அங்கே முதன்மையானது உரையாடலே என்றும், செல்வரும் வறியரும் அங்கே நிகராவர் என்றும் கூறினார். எம் மாணவர் திட்டத்தில் ஒவ்வொரு நாற்காலியும் ஒரு திரையை நோக்கியிருந்தது. ஒருவரையொருவர் நோக்கி இருக்கையைத் திருப்புமாறு கூறினோம். அதற்குச் செலவில்லை.

இனி நாட்காட்டி. இதிலேதான் பலர் மூழ்குகின்றனர். மானியக் குழுவின் நெறிப்படி ஆண்டிற் கற்பித்தல் நாள் 180 இருத்தல் வேண்டும். வாடகையோ பன்னிரண்டு மாதமும் உண்டு. முன் கூறிய 1,55,000ஐப் பன்னிரண்டாற் பெருக்கினால் ஆண்டுச்செலவு 18,60,000. அதனை முழுவதும் அந்த 180 நாளிலேயே ஈட்டுவதானால், நாளொன்றுக்கு 5,960 அன்று, 10,300க்கு மேல் வேண்டும். தேர்வுக் காலத்திற் கூட்டம் இருக்கும். ஆயின் மே மாதத்திற் காக்கையும் வாராது. ஆகவே விடுமுறை மாதங்களுக்கு வாடகை பாதி எனக் கட்டட உரிமையாளரோடு முன்பே எழுதிக்கொள்ளல் வேண்டும். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பழைய மாணவர்க்குக் காலை ஏழு முதல் பத்துவரை மாதச் சந்தாவுக்கு இடம் தரலாம். மே மாதத்தில் ஊர்ச் சிறுவர்க்குச் சதுரங்கமும் கணினிப் பயிற்சியும் நடத்தலாம். இவ்வேற்பாடுகள் திட்டம் வரையும்போதே இடம்பெறல் வேண்டும். ஏப்ரலில் நினைத்துப் பயனில்லை.

மூன்றாம் மாலை முடிவில் புதியதொரு கணக்கு எழுந்தது. நாற்காலி 20. மாடியன்று, தரைத்தளம், வாடகை 18,000. பகுதிநேரப் பணியாளர்க்கு 20,000, மின்சாரம் 9,000, இணையம் 2,500, பிற 4,500, 3,60,000 ரூபாய் முதலுக்குத் தேய்மானம் 6,000. ஆக மாதம் 60,000. நாளொன்றுக்கு 2,310 அளவு. கைவசமுள்ள 220 நாற்காலி-மணியிற் பாதி நிரம்பினால் ஒன்றற்கு 21 ரூபாய். தேநீரும் காப்பியும் உட்பட 28. மணிக்கு 30 ரூபாய் எனக் கட்டணம் வைத்தால் தலைதப்பும். இந்த 110 நாற்காலி-மணி, பழைய திட்டத்தின் 440இற் காற்பங்கே என்பதை நோக்குக. சிறு கூடத்திற்குப் பாதி நிறைவாவது பெருங்கூடத்திற் காற்பங்கு வெறுமையினும் வெறுமையாம்.

"இதில் எங்கள் இருவருக்கும் சம்பளம் இல்லையே, ஐயா?" என்று அவர்களே கேட்டபோது, மூன்று மாலையும் வீண்போகவில்லை என மகிழ்ந்தோம். இல்லைதான். அச்சிடும் வேலை, குழு அறை வாடகை, காலைச் சந்தா ஆகியவற்றினின்றே அது வரவேண்டும். வாராவிடின் அது வாணிகமாகாது. அதனை முன்கூட்டி அறிதற்கு ஒரு வழி சொன்னோம். பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டு முன்கூடத்தை ஆறு வாரம் வாடகையின்றித் தர இசைந்துள்ளார். அங்கே விடுதியிற் கழித்த பழைய நாற்காலிகள் பதினாறும், இரவல் ரவுட்டரும், ஒரு சுவர்க் கடிகாரமும் வைத்து, மணிக்கு 30 ரூபாய்க்குக் கடை நடத்திப் பார்ப்பது. தந்தையின் பணத்தில் இப்போதைக்கு 40,000 ரூபாய்க்குமேல் தொடுவதில்லை என்பது உடன்பாடு. ஏட்டில் ஐந்து கட்டங்கள் கோடிட்டுக் கொடுத்துள்ளோம்: நாள், மணி, நிரம்பிய நாற்காலி, வரவு, மீண்டும் வந்தோர். அடுத்த பருவத்தின் மூன்றாம் வாரத்தில் கதவு திறக்கும். நாற்காலிகளுக்கு வண்ணம் பூசும் வேலை சென்ற சனிக்கிழமை தொடங்கியது.